சிறுகுடல் திசுவை வாசித்த வரலாறு

உடற்பருமனைக் குறைப்பதற்கான அறுவை சிகிச்சையின்போது வெட்டியெடுக்கப்படும் சிறுகுடல் துண்டு ஒன்று நோய்க்குறியியல் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேரும்போது, அங்குள்ள மருத்துவர் நுண்ணோக்கியின் வழியே காண்பது சில மில்லிமீட்டர் அகலமுள்ள திசுவை மட்டுமே என்றாலும், அதைக் குறித்து அவர் அறிக்கையில் எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட விவாதம் இருக்கிறது. இயல்பான சிறுகுடல் எப்படி இருக்கும் என்பதே அந்த விவாதத்தின் மையக் கேள்வி. நோயை அடையாளம் காண்பதைவிட இயல்பை வரையறுப்பதே இத்துறையில் கடினமான பணியாக இருந்துவந்திருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் வரையறையைத் திருத்த நேர்ந்தது. அத்திருத்தங்களுக்கு வழிவகுத்தவற்றுள் உடற்பருமன் அறுவையும் உண்டு, வேலூரைச் சுற்றியிருந்த கிராமங்களும் உண்டு.

சிறுகுடல் மூன்று பகுதிகளைக் கொண்டது: இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடல், சத்துகளின் பெரும்பகுதி உட்கவரப்படும் நடுச்சிறுகுடல், பெருங்குடலில் சென்று முடியும் பின்சிறுகுடல். இவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் ஈரமான மென்படலம் சளிப்படலம் எனப்படும். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் எழுந்து நிற்கும் எண்ணற்ற நீட்சிகள் குடலுறிஞ்சிகள்; அவற்றின் அடியில் உள்நோக்கி இறங்கும் குறுகிய குழாய்கள் குழிச்சுரப்பிகள். புதிய செல்கள் குழிச்சுரப்பிகளில் பிறந்து, உறிஞ்சியின் பக்கங்களில் மேலேறி, நுனியை அடைந்ததும் உதிர்ந்துவிடுகின்றன. வெள்ளை எலிகளில் இந்த ஓயாத புதுப்பித்தலை லெப்லாண்டும் ஸ்டீவன்ஸும் 1948இல் எடுத்துக்காட்டினர். மனிதரில் ஒரு சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இவ்வளவு விரைவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசு, உணவு நின்றாலும் நுண்ணுயிர்கள் பெருகினாலும் நோயெதிர்ப்பு தூண்டப்பட்டாலும் அதே விரைவில் தன் வடிவத்தையும் மாற்றிக்கொள்கிறது என்பதே இக்கட்டுரையில் வரும் குழப்பங்கள் பலவற்றுக்கும் வேர்.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும் உயிருள்ள மனிதரின் சிறுகுடலை நுண்ணோக்கியில் பார்க்கும் வாய்ப்பு மருத்துவர்களுக்கு அரிதாகவே இருந்தது. இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்ப்பதே அவர்களுக்கு இருந்த வழி. ஆனால் குடலின் செரிமான நொதிகளும் அங்கு வாழும் நுண்ணுயிர்களும் உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள்ளாகவே சளிப்படலத்தைச் சிதைத்துவிடுவதால், உடற்கூறாய்வில் கிடைத்த குடலில் உறிஞ்சிகள் காணப்படவில்லை என்றால், அவை நோயால் அழிந்தனவா அல்லது இறப்புக்குப் பின் கரைந்தனவா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதைத் தவிர்க்க, டென்மார்க்கைச் சேர்ந்த நூட் ஃபாபர் 1900ஆம் ஆண்டையொட்டிய தம் ஆய்வுகளில், இறந்த உடனேயே வயிற்றுக்குள் ஃபார்மலின் செலுத்தித் திசுவைப் பதப்படுத்தும் முறையைக் கையாண்டார். அதே நாட்டின் தைசன், கொழுப்பு செரிக்காமல் மலத்தில் வெளியேறி உடல் மெலியும் ஸ்ப்ரூ என்னும் நோயைப் பற்றி 1932இல் எழுதிய நூலில், அந்நோயாளிகளின் குடலில் முன்பு விவரிக்கப்பட்ட சிதைவுகள் இறப்புக்குப் பின் நேர்ந்தவையே என்று வாதிட்டார். அவருடைய எச்சரிக்கை அறிவியல் முறைக்கு உகந்தது. ஆயினும் அதன் விளைவாக, ஸ்ப்ரூவிலும் சீலியாக் நோயிலும் குடலின் அமைப்பு கெடுவதில்லை என்ற தவறான எண்ணம் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்துக்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே குடலைத் தாக்கும் நிலையைச் சீலியாக் நோய் என்கிறோம். நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை விளக்கி 1950இல் தம் ஆய்வேட்டை அளித்தபோதுகூட, அது குடலில் ஏற்படுத்தும் காயம் நுண்ணோக்கியில் எப்படித் தோன்றும் என்பது தெரிந்திருக்கவில்லை.

தடையை உடைத்தது அறுவை சிகிச்சைதான். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் பணியாற்றிய பாலி, வயிற்றைத் திறந்து அறுவை செய்யும்போதே நடுச்சிறுகுடலிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, உயிருள்ள நோயாளியின் குடலிலேயே உறிஞ்சிகள் குட்டையாகி அழற்சி பரவியிருப்பதை 1954இல் அறிவித்தார். இறப்புக்குப் பின் நேரும் சிதைவு என்ற விளக்கம் இதற்குப் பொருந்தாது. ஆனால் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் வயிற்றைத் திறப்பது இயலாத காரியம் என்பதால், வாய்வழியே குடலுக்குள் கருவியைச் செலுத்தும் முயற்சிகள் அடுத்தடுத்து வந்தன. அர்ஜென்டினாவில் ராயரும் அவருடைய குழுவினரும் 1955இல் முன்சிறுகுடலை எட்டினர். லண்டனில் மார்கோ ஷைனர் 1956இல், ஆஸ்திரேலியாவின் ஐயன் வுட் இரைப்பைக்காக உருவாக்கியிருந்த குழாயை மாற்றியமைத்து நடுச்சிறுகுடலை எட்டினார். மறு ஆண்டில் அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் கிராஸ்பியும் பொறியாளர் ஹைன்ஸ் குக்லரும் உருவாக்கிய கருவி உலகெங்கும் பரவியது. மெல்லிய குழாயின் நுனியில் பொருத்தப்பட்ட சிறிய உலோகக் குமிழ் அது. நோயாளி அதை விழுங்குவார். எக்ஸ்ரே மூலம் அது உரிய இடத்தை அடைந்தது உறுதியானதும் குழாயின் வழியே காற்று உறிஞ்சப்படும். குமிழின் துளைக்குள் இழுபடும் சளிப்படலத்தை உள்ளிருக்கும் வில்விசைக் கத்தி நறுக்கிவிடும். பல மணி நேரம் பிடிக்கும் இச்சோதனையைக் குழந்தைகளும் தாங்கவேண்டியிருந்தது என்பதை இன்று நினைத்துப் பார்க்கையில், அன்றைய நோயாளிகளின் பொறுமைக்கு இந்த அறிவியல் எவ்வளவு கடன்பட்டது என்பது புலப்படும்.

திசு கிடைத்தது, அதை எப்படி வெட்டுவது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. வாழைத்தண்டைச் சாய்வாக நறுக்கினால் வட்டத்துக்குப் பதில் நீள்வட்டம் தெரிவதுபோல, சளிப்படலத்தைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டினால், நெடிய உறிஞ்சிகளும் குட்டையானவைபோலத் தோன்றும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சைரஸ் ரூபின் இதை விடாமல் வலியுறுத்தினார்; துண்டை எடுத்தவுடன் சரியான பக்கம் மேலிருக்குமாறு விரித்து வைத்து, தொடர்ச்சியாகச் சீவல்களை வெட்டி, நடுப்பகுதியில் நேராக அமைந்தவற்றை மட்டுமே அளக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. அந்த ஒழுங்கின் பயனாகவே, குழந்தைகளின் சீலியாக் நோயும் பெரியவர்களின் காரணம் அறியப்படாத ஸ்ப்ரூவும் குடலில் ஒரே வகைக் காயத்தையே ஏற்படுத்துகின்றன என்று 1960இல் அவரும் உடனுழைப்பாளர்களும் நிறுவ முடிந்தது. சரியாக வெட்டப்பட்ட இயல்பான நடுச்சிறுகுடலில் உறிஞ்சியின் உயரம் குழிச்சுரப்பியின் ஆழத்தைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருக்கும் என்பது பாடநூல்களின் அளவுகோலாயிற்று. அந்த அளவுகோல் எந்த மக்களின் குடலை வைத்து வரையப்பட்டது என்று அப்போது கேட்டவர்கள் மிகச் சிலர்.

அக்கேள்வியை எழுப்பியவர்களுள் முதன்மையானவர்கள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து அங்கு பணியாற்றிய செல்வின் பேக்கரும், அவருடன் இணைந்த வி. ஐ. மத்தான் முதலியோரும், 1960களின் தொடக்கத்தில் தென்னிந்தியக் கிராமங்களில் கொள்ளைநோயாகவே பரவிய வெப்பமண்டல ஸ்ப்ரூவை ஆராய முற்பட்டனர். பல மாதங்கள் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு, இரத்தசோகை என வளர்ந்து உயிரையும் பறித்த அந்நோயைப் புரிந்துகொள்ள, நோயாளிகளின் குடலை நோயற்றவர்களின் குடலோடு ஒப்பிடவேண்டியிருந்தது. அவ்வாறு ஒப்பிட்டபோதுதான், நோய்க்குறி எதுவுமில்லாத தென்னிந்தியர்களின் நடுச்சிறுகுடலிலும் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் காணப்பட்ட விரல் வடிவ உறிஞ்சிகள் குறைவாகவும், இலைபோல் அகன்றவையும் வரப்புபோல் நீண்டவையும் மிகுதியாகவும் இருப்பது தெரியவந்தது. உறிஞ்சிகள் அங்கு சற்றுக் குட்டையாகவும், அவற்றுக்கிடையே அழற்சிச் செல்கள் கூடுதலாகவும் இருந்தன. லண்டன் நூல்களின்படி இவர்கள் அனைவரும் நோயாளிகள். ஆனால் அவர்கள் வயலில் உழைத்து, உண்டு, உறங்கி, நலமாக வாழ்ந்துகொண்டிருந்தவர்கள்.

இக்கண்டுபிடிப்பு 1962இல் லண்டனில் சீபா அறக்கட்டளை வெளியிட்ட சிறுகுடல் திசுச்சோதனை பற்றிய தொகுப்பில் இடம்பெற்றது; அதே ஆண்டில் தாய்லாந்து மக்களின் குடலைப் பற்றி ஸ்ப்ரின்ஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வும் இதையொத்த முடிவையே கூறியது. இது பிறவியில் அமைந்த இன வேறுபாடா, சூழலின் விளைவா என்ற கேள்விக்கு விடை இரண்டு திசைகளிலிருந்து வந்தது. வேலூரில் சாக்கோ முதலியோர் கருக்குழந்தைகள் தொடங்கிப் பெரியவர்கள்வரை உடற்கூறாய்வுத் திசுக்களை ஆராய்ந்து, பிறப்பையொட்டிய பருவத்தில் உறிஞ்சிகள் விரல் வடிவிலேயே இருக்கின்றன என்றும் பின்னரே மாறுகின்றன என்றும் 1969இல் காட்டினர். டாக்காவில் பணியாற்றிய லின்டன்பாம், அங்கு வந்து தங்கிய அமெரிக்கத் தன்னார்வலர்களின் குடலும் சில மாதங்களில் இத்தகைய மாற்றத்தை அடைகிறது என்றும், அவர்கள் தாய்நாடு திரும்பிய பிறகு படிப்படியாகச் சீரடைகிறது என்றும் கண்டார். ஆகவே மாற்றத்துக்குக் காரணம் பிறப்பு அன்று. குடிநீர், நுண்ணுயிர்கள், உணவு ஆகியவற்றாலான சூழலே. சிறுகுடல் நோய்க்குறியியலின் வரலாற்றில் இதற்கு இணையான முக்கியத்துவம் வாய்ந்த பாடம் வேறு சிலவே என்று சொல்லலாம். ஒரு திசுத்துண்டு அது எடுக்கப்பட்ட மனிதரின் வாழ்விடத்திலிருந்து பிரித்து வாசிக்கத்தக்கதன்று என்பதை மறுக்க இயலாத வகையில் நிறுவியது அதுவே.

இதே காலத்தில், குடலைப் பற்றிய மற்றொரு பெரும் சோதனை மேலைநாட்டு அறுவை அரங்குகளில் நடந்துகொண்டிருந்தது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் விக்டர் ஹென்ரிக்சன், உடற்பருமனுள்ள ஒரு பெண்ணின் சிறுகுடலில் 105 சென்டிமீட்டர் நீளத்தை வெட்டி நீக்கியதை 1952இல் பதிவுசெய்தார். வெட்டிய குடலை மீண்டும் பொருத்த இயலாது என்பதால், குடலை நீக்காமல் உணவின் பாதையிலிருந்து மட்டும் விலக்கிவைக்கும் முறையை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக அறுவை மருத்துவர்கள் தேர்ந்தனர். ரிச்சர்ட் வார்கோ 1953இல் அத்தகைய அறுவையைச் செய்தார். கிரெமென், லின்னர், நெல்சன் ஆகியோர் நாய்களில் சிறுகுடலின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஆற்றும் பணிகளை ஒப்பிட்டு, கீழ்ப்பாதியின் இழப்பே கொழுப்பின் உட்கவர்தலைப் பெரிதும் பாதிக்கிறது என்று 1954இல் வெளியிட்டனர். நடுச்சிறுகுடலின் தொடக்கப் பகுதியை வெட்டிப் பின்சிறுகுடலின் இறுதிப் பகுதியோடு இணைத்து, இடைப்பட்ட பெரும்பகுதியை உணவு வராத கிளையாக விட்டுவிடுவதே இந்த நடு-பின்சிறுகுடல் பைபாஸ் அறுவையின் சாரம். லாஸ் ஏஞ்சலிஸில் பெய்னும் டிவின்டும் முதலில் நடுச்சிறுகுடலை நேராகப் பெருங்குடலில் இணைத்துப் பார்த்து, கடும் வயிற்றுப்போக்கும் உப்புச்சத்துக் குறைவும் ஏற்பட்டதால் அதைக் கைவிட்டு, 1969இல் 35 சென்டிமீட்டர் நடுச்சிறுகுடலையும் 10 சென்டிமீட்டர் பின்சிறுகுடலையும் மட்டும் உணவுப் பாதையில் விடும் முறையை வெளியிட்டனர். ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள உறுப்பில் 45 சென்டிமீட்டர் மட்டுமே வேலை செய்யும் நிலை அது.

திசுவை ஆராய்வோருக்கு இந்த அறுவை வேறெங்கும் கிடைக்காத வாய்ப்பைத் தந்தது. ஒரே மனிதரின் உடலில், ஒரே இரத்தம் ஓடும் குடலின் ஒரு பகுதிக்கு உணவு வருகிறது, மற்றொரு பகுதிக்கு வருவதில்லை. முதல் அறுவையின்போது எடுத்த துண்டையும், பின்னர் திருத்தத்துக்காகவோ பழைய நிலைக்கு மீட்பதற்காகவோ வயிற்றைத் திறக்கும்போது இரு பகுதிகளிலிருந்தும் எடுத்த துண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். விலங்குகளில் இதற்கான முன்னறிவு இருந்தது. குடலின் பெரும்பகுதியை இழந்த நாய்களில் எஞ்சிய பகுதியின் உறிஞ்சிகள் பெரிதாகின்றன என்பதை ஃபிளின்ட் 1912இலேயே கண்டிருந்தார். ஆல்ட்மனும் லெப்லாண்டும் 1970இல் எலிகளின் பின்சிறுகுடல் துண்டை மேற்பகுதிக்கு இடம் மாற்றிப் பொருத்தியபோது, அங்கு வரும் செறிவான உணவுக்கூழையும் பித்த, கணைய நீர்களையும் பெற்று அதன் குட்டை உறிஞ்சிகள் நெடிதாக வளர்ந்தன. பைபாஸ் செய்துகொண்ட மனிதர்களிலும் இதே விதி தென்பட்டது: உணவு வரும் குறுகிய பகுதி அகன்று, நீண்டு, அதன் உறிஞ்சிகள் உயர்ந்தன, உணவு வராத நீண்ட கிளை மெலிந்து, அதன் உறிஞ்சிகள் சிறுத்தன. ஆனால் அங்கும் சளிப்படலம் அழிந்துவிடவில்லை. மீண்டும் உணவு வந்தால் வளரும் ஆற்றலை அது தக்கவைத்திருந்தது.

இந்த இடத்தில் அன்றைய ஆய்வாளர்களிடையே எழுந்த கருத்து வேறுபாடு கவனத்துக்குரியது. சிலர் உறிஞ்சிகளின் உயரம் தெளிவாகக் கூடியதைக் கண்டனர். வேறு சிலர் பெரிய மாற்றத்தைக் காணவில்லை. குடலே அகன்று நீளும்போது உறிஞ்சியின் உயரத்தை மட்டும் அளப்பது உட்கவரும் பரப்பின் உண்மையான பெருக்கத்தைக் காட்டாது என்பதும், துண்டு எடுக்கப்பட்ட இடம் இணைப்புத் தையலிலிருந்து எவ்வளவு தொலைவு, அறுவைக்குப் பின் எத்தனை மாதம் கழிந்தது என்பவற்றைப் பொறுத்து முடிவு மாறும் என்பதும் இவ்வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணமாகலாம். நோயாளிகளின் எடை முதலில் வேகமாகக் குறைந்து பின்பு ஒரு நிலையில் நின்றுவிடுவதற்குக் குடலின் இத்தகவமைப்பே காரணம் என்று கருதப்பட்டது. அவர்கள் உணவைக் குறைத்துக்கொண்டதும் எடைக் குறைவில் பெரும்பங்கு வகித்தது என்பது பின்னர் ஏற்கப்பட்டது.

வெறுமையாக விடப்பட்ட கிளை அமைதியாக இருக்கவில்லை. உணவின் ஓட்டமும் பித்தநீரும் இல்லாத அந்நெடுங்குழாயில் நுண்ணுயிர்கள் பெருகின. வயிறு உப்பி வலியும் காய்ச்சலும் வரும் நிலையை, பசாரோ, டிரெனிக், வில்சன் ஆகியோர் 1976இல் பைபாஸ் குடலழற்சி என்ற பெயரில் விவரித்தனர். மூட்டு வலி, தோல் தடிப்பு, சிறுநீரகத்தில் ஆக்சலேட் கற்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்லீரல் செயலிழப்பு ஆகியன இந்த அறுவையின் மீதிருந்த நம்பிக்கையைக் குலைத்தன. நுண்ணுயிர்ப் பெருக்கத்தால் அழற்சியுற்ற குடலில் உறிஞ்சிகள் மழுங்குவதும் லிம்ஃபோசைட்டுகள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் கூடுவதும் ஸ்ப்ரூவையோ சீலியாக் நோயையோ ஒத்துத் தோன்றக்கூடும். அறுவையின் வரலாறு தெரியாத ஒருவர் அத்திசுவைப் பார்த்தால் வேறொரு நோயைப் பெயரிட்டுவிடும் வாய்ப்பு இருந்தது. 1970களின் இறுதிக்குள் இந்த அறுவை வழக்கொழியத் தொடங்கியது. உடல்நலம் கெட்ட பலருக்கு மீண்டும் வயிற்றைத் திறந்து குடல் பழைய பாதைக்கு மீட்கப்பட்டது. மருத்துவம் இந்நோயாளிகளிடமிருந்து பெற்ற அறிவுக்கு அவர்கள் செலுத்திய விலை மிகப் பெரிது.

அதற்கு மாற்றாக வந்தது, அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிக்காஷி இட்டோவும் 1966இல் தொடங்கிய இரைப்பை பைபாஸ். இதில் இரைப்பையின் மேற்பகுதி ஒரு சிறிய பையாகப் பிரிக்கப்பட்டு நடுச்சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. இன்றைய வடிவத்தில் குடலின் எந்தப் பகுதியும் செரிமான நீரோ உணவோ வராத வெறுங்கிளையாக விடப்படுவதில்லை. இத்தாலியின் ஜெனோவாவில் நிக்கோலா ஸ்கோபினாரோ 1979இல் வெளியிட்ட முறையும், வெறுங்கிளையைத் தவிர்க்கும் நோக்கத்தோடு, பித்தமும் கணையநீரும் ஓடும் பாதையைத் தனியாகப் பிரித்தது. விட்குரோவும் கிளார்க்கும் 1994இல் இரைப்பை பைபாஸை நுண்துளை வழியே செய்து காட்டிய பின்னர் இது உலகெங்கும் பெருகியது. வட்ட வடிவ ஸ்டேப்ளர் கருவியால் குடலை இணைக்கும்போது அதற்குள் வளையமாக நறுக்கப்படும் திசுவும், இணைப்புக்குப் பின் எஞ்சி நீக்கப்படும் நடுச்சிறுகுடலின் நுனியும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்படலாயின. நோய் இருப்பதாக யாரும் ஐயுறாத மனிதர்களின் நடுச்சிறுகுடல் இவ்வாறு அடிக்கடி கிடைத்தது இத்துறையில் புதிது.

புதிதாகக் கிடைத்த இத்திசுவில் எதிர்பாராத ஒன்று தென்பட்டது. குடலின் மேற்பரப்புச் செல்களுக்கிடையே இயல்பாகவே சில லிம்ஃபோசைட்டுகள் காணப்படும். ஆன் ஃபெர்கசனும் மரேயும் 1971இல் இவற்றை எண்ணி, 100 மேற்பரப்புச் செல்களுக்கு 40 வரை இயல்பு என்று வரையறுத்தனர். மைக்கேல் மார்ஷ் 1992இல் சீலியாக் நோயின் வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்தபோது, உறிஞ்சிகள் முழு உயரத்தில் இருக்க இவ்வணுக்கள் மட்டும் கூடியிருப்பதை நோயின் முதற்படியாக வைத்தார். பின்னர் திசுக்கள் மெல்லியதாக வெட்டப்பட்டு, எண்ணும் முறையும் சீர்பட்டதால், எல்லை 25ஆகக் குறைக்கப்பட்டது. எல்லை தாழ்ந்தவுடன் எல்லை மீறியோரின் எண்ணிக்கை உயர்ந்தது. ஹெலிகோபேக்டர் தொற்று, வலிநிவாரணி மாத்திரைகள், ஜியார்டியா ஒட்டுண்ணி, நுண்ணுயிர்ப் பெருக்கம், குரோன் நோய், வேறு தன்னெதிர்ப்பு நோய்கள் எனப் பலவும் இதே தோற்றத்தைத் தரும் என்பது தெளிவானது. உடற்பருமன் அறுவையில் கிடைக்கும், அமைப்புக் கெடாத சிறுகுடலிலும் இவ்வணுக்கள் கூடியிருக்கின்றன என்று பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது. கடும் உடற்பருமனுள்ளோரின் நடுச்சிறுகுடலில் டி வகை லிம்ஃபோசைட்டுகளின் செறிவு உயர்ந்திருப்பதையும், அது குடற்செல்கள் இன்சுலினுக்குக் காட்டும் எதிர்வினையின் குறைவோடு தொடர்புற்றிருப்பதையும் பாரிஸ் ஆய்வுக்குழு 2015இல் வெளியிட்டது.

வேலூர் 1960களில் எழுப்பிய கேள்வி இங்கே வேறு உருவில் திரும்பி வருகிறது. நோயற்றது என்று கருதி ஒப்பீட்டுக்கு வைக்கப்படும் திசு உண்மையில் எந்த அளவுக்கு இயல்பானது? உடற்பருமன் அறுவையில் கிடைக்கும் குடலை இயல்பின் அளவுகோலாகக் கொண்டால், உடற்பருமனே விளைவிக்கும் மென்மையான அழற்சி அந்த அளவுகோலுக்குள் புகுந்துவிடும். மெலிந்தவர்களின் நடுச்சிறுகுடலோ, பெரும்பாலும் கணையத்திலோ இரைப்பையிலோ கட்டி வந்து அறுவைக்கு உட்படுவோரிடமிருந்தே கிடைக்கிறது. அவர்களும் நலமுள்ளவர்கள் அல்லர். இதற்கு முழுமையான தீர்வு இல்லை; ஆனால் எந்த ஒப்பீட்டின் அடிப்படையில் ஒரு திசு மாறுபட்டது என்று சொல்லப்படுகிறது என்பதை ஒவ்வோர் அறிக்கையும் மனத்தில் கொள்ளவேண்டும் என்ற கடமை இதிலிருந்து பிறக்கிறது.

அறுவைத் திசுவை வாசிப்பதில் வேறு தடைகளும் உண்டு. ஸ்டேப்ளர் நசுக்கிய விளிம்பிலும் மின்கருவி சுட்ட இடத்திலும் செல்கள் உருக்குலைந்திருக்கும்; இரத்த ஓட்டம் நிறுத்தப்பட்டபின் நேரம் கழித்துப் பதப்படுத்தினால் உறிஞ்சிகளின் நுனி உதிர்ந்து, தைசன் அஞ்சிய அதே சிதைவு சிறிய அளவில் தோன்றும். லிம்ஃபோசைட்டுகள் கூடியிருந்தாலும் அவை உறிஞ்சியின் அடியிலிருந்து நுனியை நோக்கிக் குறைந்துகொண்டே போகின்றனவா, நுனியிலும் செறிந்திருக்கின்றனவா என்று பார்ப்பது பயனுள்ளது. நுனிச் செறிவு சீலியாக் நோயின் பக்கம் எண்ணத்தைத் திருப்பும், ஆனால் அதை உறுதிப்படுத்தாது. திசு மட்டும் தனித்து விடை தர இயலாத இந்த இடத்தில்தான், திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதிக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் காணும் இரத்தச் சோதனை துணைக்கு வருகிறது. அந்த நொதியே சீலியாக் நோயின் தன்னெதிர்ப்பு இலக்கு என்பதை பெர்லினில் டீட்டரிச், ஷூப்பன் முதலியோர் 1997இல் கண்டறிந்தனர்.

ஒரு கண்டுபிடிப்பின் எடை, அந்நோய் அம்மக்களிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. இந்தியாவின் பல பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், சீலியாக் பிறபொருளெதிரிகள் வடக்கில் 1.23 விழுக்காட்டினரிடமும், வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினரிடமும், தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. ஆகவே லிம்ஃபோசைட்டுகள் மட்டும் கூடிய ஒரே மாதிரியான திசு, பஞ்சாபைச் சேர்ந்த ஒருவரிடம் சீலியாக் நோயைத் தேடச் சொல்லும் வலுவான குறிப்பாகவும், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவரிடம் முதலில் தொற்றையும் மருந்துகளையும் உடற்பருமனையும் நினைக்கச் சொல்லும் குறிப்பாகவும் அமைவது முறையானது. அறுவைக்குப் பின் வரும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் உடனே சீலியாக் நோயைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு பெரிதும் உட்கவரப்படும் முன்சிறுகுடல் உணவுப் பாதையிலிருந்து விலக்கப்பட்டதே அதற்குப் போதுமான விளக்கம். அதேவேளையில், உண்மையாகவே சீலியாக் நோய் உள்ள ஒருவருக்கு உட்கவர்தலை மேலும் குறைக்கும் அறுவை செய்யப்பட்டிருந்தால் அதை அறியாமல் விடுவது பெருந்தீங்கு. எனவே ஐயம் எழுந்தால் அதை இரத்தச் சோதனையால் தீர்த்துக்கொள்வதே நேர்மையான வழி.

எடுக்கப்பட்ட இடம், இணைப்பிலிருந்து அதன் தொலைவு, முதல் அறுவையா திருத்த அறுவையா என்பது, நோயாளி உட்கொள்ளும் மருந்துகள், அவர் வளர்ந்த ஊர், அவருடைய உணவுப் பழக்கம் ஆகியவற்றைத் திசுவோடு சேர்த்து எழுதி அனுப்ப அறுவை மருத்துவர்கள் முன்வர வேண்டும். அவை எழுதப்படாத தாளோடு வரும் துண்டைப் பற்றி எவ்வளவு தேர்ந்த நோய்க்குறியியலாளரும் பாதி உண்மையையே சொல்ல முடியும். தம் அறிக்கையில் லிம்ஃபோசைட்டுகள் கூடியுள்ளன என்ற ஒரு வரியைக் காணும் நோயாளிகள், அதைக் கண்டவுடன் கோதுமையைக் கைவிட்டுவிடாமல், முதலில் மருத்துவரிடம் சென்று பிறபொருளெதிரிச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். குளூட்டனை நிறுத்திய பிறகு செய்யப்படும் சோதனை நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடக்கூடும்.